ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கு 1, யாருக்கு 2? முதல் தடவை வாக்களிப்போருக்கு

இலங்கையின் 2024 ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டு ஏறத்தாழ 27 அங்குல நீளம். அதில் 39 பெயர்கள். வேட்புமனு ஏற்கப்பட்ட பிறகு ஒருவர் இறந்துபோனார். அவருடைய பெயரும் சீட்டில் அப்படியே இருந்தது. இவ்வளவு நீளமான தாளைக் கையில் வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போய் நின்று யோசிக்க நேரமில்லை, பின்னால் வரிசை நிற்கும். யோசனையெல்லாம் வீட்டில் முடிந்திருக்க வேண்டும்.

இலங்கையில் ஜனாதிபதியைத் தெரிவு செய்யும்போது உங்களிடம் மூன்று தெரிவுகள் கேட்கப்படுகின்றன: 1, 2, 3. பெரும்பாலானோர் முதலாவதை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அதனால் எவ்வளவு வாக்கு வீணாகிறது என்பதற்கு ஆறாவது படியில் கணக்கு இருக்கிறது. அவசரமென்றால் அந்தப் படியை முதலில் வாசியுங்கள்.

1. யாருக்கு என்று யோசிக்கும் முன், வாக்கு இருக்கிறதா என்று பாருங்கள்

வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. தகைமைத் திகதி பெப்ரவரி 1. அதற்குப் பின்னர் 18 வயதாகிறவர்களைக் குறைநிரப்பு இடாப்பில் சேர்க்க 2021 இன் சட்டத் திருத்தம் வழி செய்திருக்கிறது. ஆகவே "பிறந்தநாள் பிந்திவிட்டது, அடுத்த தேர்தலில் பார்ப்போம்" என்று விட்டுவிடாதீர்கள்.

போக வேண்டிய இடம் உங்கள் கிராம உத்தியோகத்தர். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் அடையாள அட்டை இலக்கத்தையும் மாவட்டத்தையும் கொடுத்துப் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பதிவுக்குப் பணம் எதுவும் இல்லை.

இதில் வழுக்கும் இடங்கள் மூன்று. வீடு மாறியவர்களின் பெயர் பழைய இடத்தில் நீக்கப்பட்டு, புதிய இடத்தில் சேராமல் நடுவில் தொங்கும். திருமணமாகி வேறு பிரிவுக்குப் போன பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. இரண்டாவது, கொழும்பில் விடுதியிலோ வாடகை அறையிலோ இருப்பவர்கள் ஊரில் பெயர் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். ஊரிலோ "ஆள் இங்கே இல்லை" என்று எழுதியிருப்பார்கள். மூன்றாவது, தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவது. தேர்தலுக்குப் பயன்படுவது ஏற்கனவே அத்தாட்சிப்படுத்திய இடாப்பு. அறிவிப்பு வந்த பின் அதில் புதிதாகப் பெயர் நுழைக்க முடியாது. நீக்கவுள்ள பெயர்களும் சேர்க்கவுள்ள பெயர்களும் காட்சிக்கு வைக்கப்படும் நாட்களில்தான் முறையிட வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்து வாக்களிக்க வழியில்லை. நாளுக்கு ஊரில் நிற்க வேண்டும். தபால் மூல வாக்கு, தேர்தல் கடமையில் உள்ள அரச ஊழியர்கள் போன்ற குறிப்பிட்ட வகையினருக்கு மட்டுமே.

2. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

2024 இல் ஓடிய கால அட்டவணை இது: வர்த்தமானி ஜூலை 26, வேட்புமனு ஆகஸ்ட் 15, தபால் வாக்களிப்பு செப்டெம்பர் 4 முதல், பிரசாரம் முடிவு செப்டெம்பர் 18 நள்ளிரவு, வாக்களிப்பு செப்டெம்பர் 21. வேட்புமனுவிலிருந்து வாக்களிப்பு வரை 37 நாட்கள். தேர்தல் விஞ்ஞாபனங்கள் இந்த 37 நாட்களின் நடுப்பகுதியில் வெளிவரும். தமிழ்ப் பதிப்பு இன்னும் பிந்தலாம். ஆக, எல்லாவற்றையும் ஒப்பிட்டு வாசிக்க நிம்மதியாகக் கிடைப்பது இரண்டு, இரண்டரை வாரம்.

அந்தக் காலத்தை இப்படிப் பிரியுங்கள். வேட்புமனு நாளிலிருந்து முதல் வாரம்: பட்டியலைச் சுருக்குவது. அடுத்த இரண்டு வாரம்: ஆவணங்கள். பிரசாரம் முடியும் முன் வரும் ஞாயிறு: 1, 2, 3 ஐத் தாளில் எழுதி முடிப்பது. கடைசி மூன்று நாட்களில் வரும் எதையும் வைத்து முடிவை மாற்றாதீர்கள். காரணம் ஏழாவது படியில்.

தபால் வாக்காளர்களுக்கு இந்தக் காலம் இரண்டு வாரத்துக்கு மேல் குறைவு. ஆசிரியர்களும் வைத்தியசாலை ஊழியர்களும் விஞ்ஞாபனம் வந்த கையோடு வாசித்தால்தான் உண்டு.

3. நீண்ட பட்டியலை ஐந்தாறு பேராக்குங்கள்

கட்டுப்பணம் கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபா, சுயேச்சைக்கு 75,000 ரூபா. பல ஆண்டுகளாக அதே தொகைதான். இந்தப் பணத்துக்கு ஒரு வேட்பாளருக்கு அரச தொலைக்காட்சியிலும் வானொலியிலும் இலவச நேரம் கிடைக்கிறது, வாக்களிப்பு நிலையங்களிலும் வாக்கெண்ணும் நிலையங்களிலும் முகவர்களை வைக்க உரிமை கிடைக்கிறது. பிறகென்ன, ‘டம்மி’ வேட்பாளர்கள் முளைக்கத்தானே செய்வார்கள். பெரிய வேட்பாளர் ஒருவருக்கு முகவர் பலம் சேர்க்கவோ, இன்னொருவரின் வாக்கைப் பிரிக்கவோ நிறுத்தப்படுபவர்கள் இவர்கள்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. விஞ்ஞாபனம் இருக்கிறதா? தன் பெயரில் கூட்டம் போடுகிறாரா? இலவச நேரத்தில் தனக்கு வாக்குக் கேட்கிறாரா, அல்லது வேறொருவரைப் புகழ்கிறாரா, வேறொருவரைத் திட்டுகிறாரா? இந்த மூன்றிலும் தேறாதவரை வெட்டிவிடலாம்.

பெயர்க் குழப்பத்தையும் இந்தக் கட்டத்திலேயே கவனியுங்கள். 2015 இல் சிறிசேன என்ற பெயருடன் இருவர் சீட்டில் இருந்தார்கள். மைத்திரிபால சிறிசேன வென்றார்; மற்றைய சிறிசேன 18,174 வாக்குகளுடன் மூன்றாம் இடத்துக்கு வந்தார். அத்தனை பேரும் அவரைத் தெரிந்தா போட்டிருப்பார்கள்?

மிஞ்சுபவர்கள் ஐந்தாறு பேர். அவர்களுக்கு ஆளுக்கொரு தாள் எடுங்கள்.

4. மூன்று ஆவணங்கள்

*விஞ்ஞாபனம்.* முழுவதையும் வாசிக்க வேண்டாம். உங்கள் வாழ்க்கையைத் தொடும் மூன்று விடயங்களை முதலில் எழுதி வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் தேடுங்கள். வடக்கு, கிழக்கில் ஒருவருக்கு அது படையினர் வசமுள்ள காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று இருக்கலாம். மலையகத்தில் நாட்சம்பளம், வீட்டுக் காணிக்கு உறுதி. இன்னொருவருக்கு மின்கட்டணம், வரி, பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். "நடவடிக்கை எடுக்கப்படும்", "கவனம் செலுத்தப்படும்" என்று முடிகிற வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு சுழியம் போடுங்கள். திகதி, தொகை, சட்டத்தின் பெயர் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் அது வாக்குறுதி.

சிங்களம் வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரிடம் சிங்களப் பதிப்பில் அதே பகுதியைக் காட்டிக் கேளுங்கள். அதிகாரப் பகிர்வு, காணி, மொழி பற்றிய பகுதிகளில் இரண்டு பதிப்புக்கும் சொல் வேறுபாடு இருந்தால், எதை எங்கே சொல்லத் தயங்குகிறார் என்பது புரிந்துவிடும். நேரடி மேடைப் பேச்சுக்கும் இதே சோதனைதான்: கிளிநொச்சியில் சொன்னதை மாத்தறையிலும் சொன்னாரா?

*சொத்து, பொறுப்பு வெளிப்படுத்தல்.* 2023 இன் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் வேட்பாளர்கள் இதைக் கொடுக்க வேண்டும். 2024 இல் தேர்தல்கள் ஆணைக்குழு இவற்றைத் தன் இணையத்தளத்தில் வெளியிட்டது. கணக்கிலக்கம் போன்றவை மறைக்கப்பட்டிருக்கும், மிச்சம் போதும். சொத்தின் அளவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதால் பயனில்லை. வருமானத்துக்கும் சொத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா, கடன் யாரிடம், கம்பனிகளில் பங்கு உண்டா என்று பாருங்கள்.

*ஹன்சாட்.* நாடாளுமன்ற உரைகளின் அதிகாரபூர்வப் பதிவு இது. வேட்பாளர் நாடாளுமன்றத்தில் இருந்தவரென்றால் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. நாடாளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கும். பேச்சுகள் எந்த மொழியில் பேசப்பட்டனவோ அந்த மொழியிலேயே அச்சாகியிருக்கும். பேச்சை விட, பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்த இடங்களைத் தேடுங்கள். ஆதரவா, எதிர்ப்பா, அன்றைக்குச் சபையிலேயே இல்லையா? மேடையில் ஒரு சட்டத்தை எரிக்க வேண்டும் என்று முழங்குபவர் வாக்கெடுப்பு நாளில் காணாமல் போயிருப்பார். பலரைப் பற்றிய முடிவு இங்கேயே வந்துவிடும். உறுப்பினர்களின் செயற்பாட்டைத் தொகுத்துத் தரும் ‘மந்திரி டொட் எல்கே’ தளமும் உதவும்.

5. "இது ஜனாதிபதியின் கையில் இருக்கிறதா?"

விஞ்ஞாபனத்திலிருந்து எழுதி எடுத்த ஒவ்வொரு வாக்குறுதியையும் கீழ்வரும் நான்கில் ஒன்றில் போடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனாலும் இதைச் செய்யாமல் வாக்களிப்பது விலை கேட்காமல் சாமான் வாங்குவது மாதிரி.

அ) ஜனாதிபதி கையெழுத்தில் முடிவது: பிரதமர், மாகாண ஆளுநர்கள் நியமனம், பொதுமன்னிப்பு, படையினர் வசமுள்ள காணி விடுவிப்பு போன்ற நிருவாக முடிவுகள். இவற்றைச் செய்யாமல் விட்டால் சாக்குச் சொல்ல இடமில்லை.

ஆ) உயர் பதவி நியமனங்களை அங்கீகரிக்கும் குழுவான அரசியலமைப்புப் பேரவையோடு சேர்ந்து செய்வது: உயர் நீதிமன்ற நீதியரசர்கள், சட்டமா அதிபர், பொலிஸ் மா அதிபர் நியமனங்கள். "நான் வந்தால் இன்னாரை நியமிப்பேன்" என்பவர் அரைவாசியைத்தான் சொல்கிறார்.

இ) நாடாளுமன்றத்தில் சாதாரண பெரும்பான்மை கேட்பது: வரவு செலவுத் திட்டம், வரி, 1979 இன் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவது. மாகாண சபைத் தேர்தலும் இந்தக் கட்டத்தில்தான். 2017 இல் தேர்தல் முறையை மாற்றிய சட்டத்தால் அந்தத் தேர்தல் சிக்கிக்கொண்டது; வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. "வந்தவுடன் தேர்தல் வைப்பேன்" என்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: எந்தச் சட்டத்தை எப்படித் திருத்துவீர்கள்?

ஈ) 225 பேரில் 150 பேர் தேவைப்படுவது: அரசியலமைப்பு மாற்றம். ஒற்றையாட்சி, பௌத்தத்துக்குரிய இடம் போன்ற உறுப்புரைகளைத் தொட்டால் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். சமஷ்டி பேசுபவரும், நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்பவரும் இந்தக் கட்டத்துக்குள் வந்தே தீர வேண்டும். ஒழிப்பேன் என்று 1994 இல் சந்திரிகா குமாரதுங்க சொன்னார், 2015 இல் மைத்திரிபால சிறிசேன சொன்னார். முறை இன்றும் இருக்கிறது.

இ, ஈ கட்டங்கள் நிரம்பி வழிந்தால் அடுத்த கேள்வி: நாடாளுமன்றத்துக்கு என்ன வழி வைத்திருக்கிறார்? 2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க தெரிவானபோது அவருடைய அணிக்கு இருந்தது 3 ஆசனம். உடனே நாடாளுமன்றத்தைக் கலைத்து நவம்பர் 14 தேர்தலில் 159 பெற்றார். எப்போதும் அப்படி அமையாது. நாடாளுமன்றம் கூடி இரண்டரை ஆண்டு கடக்கும்வரை ஜனாதிபதி அதைத் தன் எண்ணப்படி கலைக்க முடியாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எந்தக் கட்டத்திலும் நேராக விழாத வாக்குறுதிகளும் உண்டு. தோட்டத் தொழிலாளர் சம்பளம் அப்படியொன்று. அது சம்பள நிர்ணய சபை ஊடாக வர வேண்டும், கம்பனிகள் நீதிமன்றம் போகலாம். 2024 இல் 1,700 ரூபா வர்த்தமானி அப்படித்தான் நீதிமன்றத்தில் சிக்கியது. தொகையைச் சொல்பவரிடம் வழியையும் கேளுங்கள்.

பணக் கேள்வி தனி. 2024 இன் 44 ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் அரசின் முதன்மைச் செலவுக்கு (வட்டி நீங்கலான செலவு) மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்தை மேல்வரம்பாக வைத்திருக்கிறது. ஒன்றைக் கூட்டுவேன் என்பவர் எதைக் குறைப்பார்? வரியைக் குறைப்பேன் என்பவர் அந்த வருமானத்தை எங்கே எடுப்பார்? 2019 இல் பெறுமதி சேர் வரியை 15 இலிருந்து 8 சதவீதமாக்கும் கோட்டாபய ராஜபக்சவின் வாக்குறுதி கேட்க இனிமையாக இருந்தது. டிசம்பரில் நிறைவேற்றியும் விட்டார்கள். 2024 ஜனவரியில் அதே வரி 18 சதவீதம்.

எழுதியதைச் செய்வாரா என்பதோடு, எழுதிய வேகத்தில் செய்வாரா என்றும் பாருங்கள். இரசாயன உரத்திலிருந்து சேதன உரத்துக்கு மாறப் பத்து ஆண்டு என்று கோட்டாபயவின் 2019 விஞ்ஞாபனத்தில் இருந்தது. 2021 இல் இறக்குமதித் தடை ஒரேயடியாக வந்தது. இதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கச் சூத்திரம் இல்லை. வேட்பாளர் பழைய பதவிகளில் ஆலோசகர்கள் சொன்னதைக் கேட்டவரா, தன் சொல்லுக்கு மறுத்துப் பேசியவர்களை வெளியே அனுப்பியவரா என்பது மட்டும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும்.

6. இனி எண்கள்: 1, 2, 3

முறை இதுதான். செல்லுபடியான வாக்குகளில் 50 சதவீதத்துக்கு மேல் ஒருவர் எடுத்தால் அத்தோடு முடிந்தது. எவரும் எடுக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றெல்லோரும் வெளியேற்றப்படுவார்கள். வெளியேறியவர்களுக்கு 1 போட்ட சீட்டுகளை மட்டும் திரும்ப எடுப்பார்கள். அதில் 2 அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருடைய கணக்கில் சேரும். 2 வேறு யாருக்கோ போயிருந்தால் 3 ஐப் பார்ப்பார்கள். அதுவும் அந்த இருவருக்கும் இல்லையென்றால் அந்தச் சீட்டு அத்தோடு ஒதுங்கிவிடும்.

இதிலிருந்து மூன்று விடயம் பிறக்கிறது.

உங்கள் 2, உங்கள் 1 க்கு ஒருபோதும் தீங்கு செய்யாது. 1 போட்டவர் வெளியேறிய பிறகுதான் 2 திறக்கப்படுகிறது. "இரண்டாவதைப் போட்டால் என் ஆளின் வாக்குக் குறையும்" என்று சொல்பவர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் இருப்பார்கள். அது பிழை.

2 ஆகச் சேர்ந்தாலும் 3 ஆகச் சேர்ந்தாலும் பெறுமதி ஒன்றே. அரை வாக்கு, கால் வாக்கு என்று எதுவும் இல்லை.

1, 2, 3 மூன்றையும் சிறிய வேட்பாளர்களுக்கே கொடுத்தால், இரண்டாம் எண்ணிக்கையில் நீங்கள் இல்லை.

இனி 2024 இன் கணக்கு. இரண்டாம் எண்ணிக்கை வரை போன முதலாவது ஜனாதிபதித் தேர்தல் அதுதான். முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 5,634,915, சஜித் பிரேமதாச 4,363,035. செல்லுபடியான வாக்குகள் 13,319,616. அப்படியென்றால் மற்றவர்களுக்கு 1 போட்டவர்கள் 33 இலட்சத்துக்கு மேல். இரண்டாம் எண்ணிக்கையில் திசாநாயக்கவுக்குச் சேர்ந்தது 105,264, பிரேமதாசவுக்கு 167,867. கூட்டினால் 273,131. மிச்சம் 30 இலட்சத்துக்கும் அதிகமான சீட்டுகளில் அந்த இருவருக்கும் விருப்பு வாக்கு (2 அல்லது 3) இல்லை. இறுதியில் இருவருக்குமிடையிலிருந்த இடைவெளி ஏறத்தாழ 12 இலட்சம். அந்த 30 இலட்சம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது; இறுதித் தெரிவில் அவர்கள் பேச்சு இல்லை என்பது மட்டும் நிச்சயம். அதில் பலர் வேண்டுமென்றே விட்டிருக்கலாம், அது அவர்கள் உரிமை. தெரியாமல் விட்டவர்களுக்காகத்தான் இந்தப் படி.

எண்ணை இப்படிப் போட்டுப் பாருங்கள்:

முதலில், கடைசி இருவராக நிற்கப் போகிறவர்கள் யார் என்று ஊகியுங்கள். முகநூல் வாக்கெடுப்புகளை நம்ப வேண்டாம். கடைசியாக நடந்த நாடாளுமன்ற, உள்ளூராட்சித் தேர்தல்களின் மாவட்ட முடிவுகளை எடுத்து, இப்போதைய கூட்டணிகளை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

அந்த இருவருக்கும் வெளியே ஒருவரை உண்மையாக விரும்பினால் 1 அவருக்கு. 2024 இல் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் 226,343 வாக்குகள் பெற்றார். ஒரு செய்தியைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு 1 தான் அந்த இடம். பிறகு அந்த இருவரில் "இவர் வந்தால் பரவாயில்லை" என்பவருக்கு 2 அல்லது 3. இருவரும் வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், ஆனால் தெரிந்து விடுங்கள்.

அந்த இருவரில் ஒருவரே உங்கள் முதல் தெரிவென்றால் 2 பெரும்பாலும் திறக்கப்படாது. மும்முனைப் போட்டியாக இருந்தால் மட்டும் கட்டாயம் போடுங்கள். உங்கள் ஆள் மூன்றாமிடத்துக்குப் போய்விட்டால் அது கைகொடுக்கும்.

வாக்களிக்காமல் விடுவதையும் வெறுமையாகப் போடுவதையும் எதிர்ப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இங்கே "எவருமில்லை" என்ற கட்டம் சீட்டில் கிடையாது. 50 சதவீதம் செல்லுபடியான வாக்குகளில் மட்டும் பார்க்கப்படுவதால், நிராகரிக்கப்பட்ட வாக்கு எவருடைய வெற்றியையும் கடினமாக்காது. உண்மையில் வெல்பவருக்குத் தேவையான எண்ணிக்கை குறைகிறது.

7. கடைசி நாட்களில் வருபவை

பிரசாரம் சட்டப்படி முடிந்த பிறகுதான் வட்ஸ்அப் சூடாகும். "இன்னார் இன்னாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்" என்ற செய்தி வந்தால், வேட்புமனு ஏற்கப்பட்ட பிறகு சீட்டிலிருந்து பெயரை எடுக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். ஒருவர் தன் ஆதரவை மாற்றியிருந்தால் அவருடைய சொந்தப் பக்கத்திலோ நேரடிக் காணொளியிலோ இருக்க வேண்டும். கட்சிக் கடிதத் தலைப்புடன் வரும் படங்களைச் செய்வது ஐந்து நிமிட வேலை. மறுப்பு அறிக்கை வருவதற்குள் வாக்களிப்பே முடிந்துவிடும் என்று கணக்குப் பார்த்துத்தான் இவற்றை அந்த நேரத்தில் விடுகிறார்கள்.

உலர் உணவுப் பொதி, கூரைத்தகடு, பணம் வந்தால் அது தேர்தல் குற்றம். வாங்கியவரின் வாக்கைச் சரிபார்க்க எவராலும் முடியாது என்பதும் உண்மை. சீட்டைப் படமெடுத்து அனுப்பு என்று கேட்பவர்கள் அதனால்தான் கேட்கிறார்கள். கைத்தொலைபேசி வாக்களிப்பு நிலையத்தில் தடை.

8. போகும் நாள்: கையில் என்ன, எவ்வளவு நேரம்

வாக்காளர் அட்டை தபாலில் வரும். வராவிட்டால் பகுதித் தபாலகத்தில் அடையாளத்தைக் காட்டிப் பெறலாம். அது இல்லாமலும், இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். நிலையமும் தொடரிலக்கமும் தேட நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அடையாள ஆவணம் இல்லாமல் முடியாது. ஏற்கப்படுபவை: தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை, மதகுருமார் அடையாள அட்டை, ஆட்பதிவுத் திணைக்களம் படத்துடன் தரும் உறுதிப்படுத்தல் கடிதம், தேர்தல்கள் ஆணைக்குழுவின் தற்காலிக அடையாள அட்டை. அலுவலக அட்டையும் பல்கலைக்கழக அட்டையும் இதில் இல்லை. தற்காலிக அட்டைக்கு அண்மையில் எடுத்த இரண்டு சிறிய படங்களோடு கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். கெடு வழமையாக வாக்களிப்புக்கு ஒரு வாரம் முன்னரே முடிந்துவிடும். கடைசி நாளில் அவர் கூட்டமொன்றுக்குப் போயிருப்பார், முந்துங்கள்.

வேலை செய்பவர்கள் விடுமுறையை எழுத்தில் கேளுங்கள். சம்பளத்துடன் கிடைக்க வேண்டியது: வாக்களிக்குமிடம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150 க்கு மேல் இரண்டு நாள். கொழும்பில் வேலை, யாழ்ப்பாணத்தில் வாக்கு என்றால் இரண்டு நாள் உங்களுடையது. உண்மையான செலவு பயணச்சீட்டுத்தான். பேருந்து, புகையிரத ஆசனங்களைத் திகதி அறிவித்த வாரத்திலேயே பதியுங்கள்.

2019 இல் வாக்களிப்பு காலை 7 முதல் மாலை 5 வரை. 2024 இல் 4 மணியோடு முடிந்தது. பழைய ஞாபகத்தில் நாலரைக்குப் போய் நிற்காதீர்கள். அந்த ஆண்டின் நேரத்தைப் பாருங்கள்.

சீட்டில் பெயர்கள் சிங்கள அகரவரிசையில் இருக்கும். தமிழ் ஒழுங்கில் தேடினால் திண்டாடுவீர்கள். சின்னத்தை வைத்துத் தேடுங்கள். மாதிரிச் சீட்டில் உங்கள் மூவரும் மேலேயா, நடுவிலா, கீழேயா என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பதென்றால் 1 என்றும் போடலாம், புள்ளடியும் இடலாம். விருப்பு வாக்கும் போடுவதென்றால் மூன்றும் எண்களாகவே இருக்கட்டும்: 1, 2, 3. புள்ளடியோடு எண்ணைக் கலக்க வேண்டாம். இருவருக்குப் புள்ளடி, இருவருக்கு 1, 1 இல்லாமல் 2 மட்டும், பெயர், கையெழுத்து, திட்டுச் சொல் எல்லாம் நிராகரிப்புக்குப் போகும். 2024 இல் இப்படி நிராகரிக்கப்பட்டவை 300,300. எண் பிழைத்துவிட்டால் அதன்மேல் அடித்துத் திருத்தாமல், பெட்டியில் போடும் முன் நிலைய அலுவலரிடம் சொல்லுங்கள்.

பார்வைக் குறைபாடோ உடல் இயலாமையோ உள்ளவர் உதவியாளர் ஒருவரைக் கூட்டிப் போகலாம். அதற்கான தகுதிச் சான்றுப் படிவத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே பெற்று நிரப்பி வைக்க வேண்டும்.

9. ஐந்து ஆண்டுக்கு அந்தத் தாளை வைத்திருங்கள்

வாக்குறுதி எழுதிய தாள்களைக் குப்பையில் போடாதீர்கள். முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர்கள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது 2023 இன் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம். 2024 இல் வரம்பு வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா, மொத்தம் 1,868,298,586 ரூபா. கெடு ஒக்டோபர் 13. அந்தக் கணக்குகளைப் பொதுமக்கள் பார்க்கலாம். நீங்கள் 1 போட்டவருடையதையும் எடுத்து, நன்கொடை தந்தவர்களின் பெயர்களை அவருடைய சொத்து வெளிப்படுத்தலில் உள்ள கம்பனிப் பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்கொரு தடவை தாளில் ‘அ’ கட்டத்திலிருந்து எத்தனை நடந்தது என்று குறித்து வந்தால், அடுத்த தேர்தலில் நாலாம் படிக்குச் செலவாகும் நேரம் பாதியாகக் குறையும்.